மணியோசையும் கணக்கேடும்: சஃபோக் கரையின் நினைவுகள்

இங்கிலாந்தின் கிழக்கு விளிம்பில் வடகடலை ஒட்டிக் கிடக்கும் சஃபோக், 'கவுண்டி' எனப்படும் பழைய ஆட்சிப் பிரிவுகளுள் ஒன்று. மலையோ நிலக்கரியோ பெருநகரமோ இல்லாத இந்நிலப்பகுதி, ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் வடக்கே உள்ள நார்ஃபோக்குடன் சேர்ந்து கிழக்கு ஆங்கிலியா என்னும் தனியரசாக விளங்கி, பின்னர் 15ஆம் நூற்றாண்டளவில் கம்பளித் துணி வணிகத்தால் செழித்து, அவ்வணிகம் நலிந்தபின் உழவையும் மீன்பிடியையும் நம்பி ஒதுங்கியது. செழித்த காலத்தில் வணிகர்கள் எழுப்பிய தேவாலயங்கள் இன்றைய சிற்றூர்களின் அளவுக்குப் பொருந்தாத பெருமையுடன் நிற்கின்றன. அவற்றை இடித்துப் புதுப்பாணியில் கட்டப் பிற்காலத்தாரிடம் பணம் இல்லாமற் போனதே அவை பிழைத்ததற்குக் காரணம் என்று கூறினால் அது மிகையாகாது. ஊருக்குள் புதியவர் வருகை குறைவாக இருந்ததால் கதைகளும் அவ்வாறே தங்கிவிட்டன.

இக்கரையோரத்தில் சில காலம் தங்கி, பேருந்திலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்ற இக்கட்டுரையாளரின் நினைவில் முதலில் பதிந்தது கதைகளின் மிகுதி அன்று. அக்கதைகளுக்கு அருகிலேயே கணக்கேடுகளும் இருந்தன என்பதுதான். ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதியைச் 'சேகரம்' என்பர். அச்சேகரத்தின் வரவு செலவைப் பார்ப்பதற்கு ஊராரே தேர்ந்தெடுக்கும் காப்பாளர்கள், கூரைக்கு வாங்கிய ஈயம் முதல் மணிக்கயிறு வரை ஒவ்வொன்றுக்கும் கொடுத்த காசைப் பல நூற்றாண்டுகளாக எழுதி வைத்துள்ளனர். கதை ஒன்று சொல்லும். கணக்கு வேறொன்று சொல்லும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கக் கிடைக்கும் வாய்ப்பு எல்லா ஊருக்கும் அமைவதில்லை.

இதற்கு முதற்சான்று டன்விச். 1086இல் வெற்றிவேந்தன் வில்லியம் தன் நாட்டு நிலங்களையும் வரிகளையும் கணக்கெடுக்கச் செய்து தொகுத்த டூம்ஸ்டே புத்தகம், இவ்வூரில் முன்பு ஒரு தேவாலயம் இருந்தது என்றும், அப்போது மூன்று இருந்தன என்றும், உழுநிலத்தில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது என்றும் ஒரே மூச்சில் பதிவு செய்கிறது. அதாவது ஊர் வளர்ந்த வேகமும் கரைந்த வேகமும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாகச் சென்றன. கப்பல் கட்டுதல், ஹெர்ரிங் என்னும் மத்தி இன மீன், கம்பளி ஏற்றுமதி ஆகியவற்றால் இங்கிலாந்தின் முதன்மைத் துறைமுகங்களுள் ஒன்றாக உயர்ந்த அவ்வூரின் அடியில் இருந்ததோ மணலும் சரளையும் இறுகிய மென்மையான குன்று மட்டுமே. வடகடலில் வடகிழக்குக் காற்று பலமாக வீசும்போது, உயர் ஓதமும் சேர்ந்துகொண்டால், அலை குன்றின் அடியை அரித்து மேற்பகுதியை மொத்தமாகச் சரியச் செய்யும். 1286ஆம் ஆண்டுப் புயல்கள் ஊரின் பெரும்பகுதியை அழித்தன. 1328ஆம் ஆண்டுப் புயல் துறைமுக வாயைக் கூழாங்கல்லால் அடைத்து ஆற்றை வடக்கே வேறிடத்தில் கடலில் கலக்கச் செய்தது. 1347இல் மீண்டும் நூற்றுக்கணக்கான வீடுகள் போயின. இவற்றுள் ஊரைக் கொன்றது எது என்று கேட்டால் 1328 என்றே கூறவேண்டும், ஏனெனில் வீடுகளை இழந்த வணிகன் பின்னால் தள்ளிக் கட்டிக்கொள்வான், துறைமுகத்தை இழந்தவனோ அடுத்த ஊருக்குப் போய்விடுவான்.

மக்கள் போனபின்னும் உரிமைகள் போகவில்லை என்பது டன்விச்சின் வரலாற்றில் நகைப்புக்குரிய பகுதி. நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் பழைய உரிமை 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வரை நீடித்தது; 'அழுகிய தொகுதி' என்று அக்காலத்தார் பெயரிட்ட இத்தகைய தொகுதிகளுள், நிலமே பெரும்பாலும் கடலுக்குள் கிடந்த தொகுதி இதுவாகத்தான் இருக்கும்.

இவ்வூரைப் பற்றிய புகழ்பெற்ற கதை, புயலுக்கு முன் மூழ்கிய தேவாலயங்களின் மணிகள் நீருக்கடியில் ஒலிக்கும் என்பதும், அதைக் கேட்ட மீனவர் கடலுக்குப் போகாமல் கரையில் நின்றுவிடுவர் என்பதும் ஆகும். கரையோரத்தில் எவரைக் கேட்டாலும் இதனைச் சொல்வர். சொல்பவர் தாம் கேட்டதாகச் சொல்வதில்லை, தம் ஊரில் முன்பு ஒருவர் கேட்டதாகவே சொல்வர். இக்கதையின் மீது குளிர்ந்த நீரைத் தெளிப்பது உள்ளூர் வரலாறே. அருகிலுள்ள சவுத்வோல்டில் உப்புவரி அலுவலராக இருந்த தாமஸ் கார்ட்னர் 1754இல் டன்விச்சின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதிலிருந்து, 1702ஐ ஒட்டிக் கடல் புனித பேதுரு தேவாலயத்தை நெருங்கியபோது, ஊரார் கட்டடத்தைக் கலைத்து ஈயம், மரம், மணி ஆகியவற்றை விற்றுக் காசாக்கினர் என்று தெரிகிறது. வெண்கல மணி விலையுயர்ந்த பொருள். குன்றின் விளிம்பு ஆண்டுக்கு ஆண்டு நெருங்கி வருவதைக் கண்ணால் கண்ட ஊரார் அதைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்க மாட்டார்கள். எனவே அக்கடலடியில் ஒலிக்க அந்தத் தேவாலயத்தின் மணியேனும் இருக்க வாய்ப்பில்லை.

ஆயினும் கதை அதனால் பொய்த்துவிடவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. கடைசியாக எஞ்சிய பழைய தேவாலயமான அனைத்துப் புனிதர் தேவாலயம் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கைவிடப்பட்டு, 1904 முதல் சிறிது சிறிதாகச் சரிந்து, 1919ஐ ஒட்டிக் கோபுரத்துடன் கடலில் விழுந்தது. அதைச் சுற்றிய கல்லறைத் தோட்டமும் உடன் சரிந்ததால், குன்றின் முகத்தில் எலும்புகள் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த தலைமுறையினர் அண்மைக்காலம் வரை உயிருடன் இருந்தனர். தம் முன்னோர் புதைந்த மண்ணே கடலுக்குப் போவதைப் பார்ப்பவர்களுக்கு மணி விற்ற கணக்கு நினைவில் நிற்காது. அந்தத் தேவாலயத்தின் சுவர்முட்டுத் தூண் ஒன்று மட்டும் பெயர்த்தெடுக்கப்பட்டு, உள்ளே தள்ளிக் கட்டப்பட்ட புனித யாக்கோபு தேவாலயத்தின் வளாகத்தில் நிறுத்தப்பட்டுள்ளது. ஊரின் சிறு அருங்காட்சியகத்தில் இடைக்கால நகரத்தின் மாதிரி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதில் தெருக்களையும் கோபுரங்களையும் பார்த்துவிட்டு வெளியே வருபவருக்கு ஒரு தெருவும், ஒரு மதுவிடுதியும், பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்து இடிந்த சுவரும், வண்டி நிறுத்துமிடமும் மட்டுமே எதிர்ப்படுகின்றன. அவ்விடத்துக் கடல் சேறு கலங்கியது. மூழ்கிப் பார்ப்பவரால் கைநீட்டும் தூரத்துக்கு மேல் காணமுடியாது. ஆகவே 2008 முதல் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒலியலைக் கருவிகளைக் கொண்டு கடலடியை அளந்து, சில தேவாலயங்களின் இடிபாடுகளை வரைபடத்தில் குறித்தனர். ஒலியை அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்டே மூழ்கிய ஊரை அறிந்தார்கள் என்பதை உள்ளூர்க் கதைசொல்லிகள் எப்படிப் பயன்படுத்தாமல் விட்டார்கள் என்பது வியப்பே.

டன்விச்சுக்கு வடமேற்கே, பிளைத் ஆற்றின் சதுப்பு நிலத்துக்கு மேல் நிற்கும் பிளைத்பர்க் தேவாலயத்தில் இரு கதைகள் குடியிருக்கின்றன. முதலாவது கருநாயின் கதை. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, வழிபாட்டு வேளையில் கடும் இடிமழை பொழிந்தபோது, வடக்கே பங்கே நகரத்துத் தேவாலயத்தில் கரிய நாய் ஒன்று தோன்றி மண்டியிட்டிருந்த இருவரின் கழுத்தை முறித்தது என்றும், அதே நாய் பிளைத்பர்க்கிலும் தோன்றி மேலும் சிலரைக் கொன்று சென்றது என்றும் லண்டனில் இருந்த ஆபிரகாம் ஃப்ளெமிங் என்பவர் அவ்வாண்டே ஒரு சிறுநூல் அச்சிட்டார். பிளைத்பர்க்கின் வடக்குக் கதவில் உள்ள கருகிய தடங்கள் அந்நாயின் நகக்குறிகள் என்று இன்றும் காட்டப்படுகின்றன. ஆனால் பங்கேயின் அக்காலப் பதிவு, மணிக்கூண்டில் இருந்த இருவர் புயலில் இறந்ததைக் கூறுகிறதே ஒழிய, நாயைப் பற்றி மூச்சுவிடவில்லை. இடி விழுந்து இறந்தார்கள் என்பது ஊராரின் எழுத்து. பேய் வந்து கொன்றது என்பது லண்டன் எழுத்து. நாட்டுப்புறத்தான் மூடநம்பிக்கையுடையவன், நகரத்தான் அதைக் கேட்டுத் திருத்தி எழுதுபவன் என்று பொதுவாக எண்ணும் வரிசை இங்கே தலைகீழாக நிற்பதைக் கவனிக்கவேண்டும்.

கதவின் தடங்களைப் பொறுத்தவரை, அவை பரவலாகப் பேசப்படத் தொடங்கியது 1930களில் கதவைச் சுத்தம் செய்தபின் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நீர்த்துளியின் வடிவில் மரத்தில் எரிந்த இத்தகைய தடங்கள் இங்கிலாந்தின் பல பழைய வீடுகளிலும் காணப்படுகின்றன. தீயையும் தீய ஆவிகளையும் விலக்கும் பொருட்டு மெழுகுத்திரியை மரத்தில் சிறிது நேரம் வேண்டுமென்றே பிடித்து ஏற்படுத்தியவை அவை என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பேயைத் தடுக்க இட்ட குறியே பேயின் குறியாக மாறியிருக்கக்கூடும். 'ஷக்' என்னும் பெயரில் தனிவழியில் நடப்போரைப் பின்தொடரும் கருநாயைப் பற்றிய நம்பிக்கை கிழக்கு ஆங்கிலியா முழுவதும் வேறாக வழங்கிவந்தது. 1850இல் போதகர் ஒருவர் அதை அச்சிலேற்றியபின், சாலையோரத்து நாயும் தேவாலயத்து நாயும் ஒன்றாகிவிட்டன. பங்கே நகரமோ வெட்கப்படாமல் அந்நாயைத் தன் சந்தைத் திடலில் காற்றுத்திசைகாட்டியாக ஏற்றி வைத்திருக்கிறது.

இரண்டாம் கதை பிளைத்பர்க்கின் கூரையில் உள்ளது. சிறகு விரித்த மரத் தேவதூதர்கள் வரிசையாக அமைந்த அக்கூரை, வண்ணம் மங்கிய நிலையிலும் காண்போரின் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்கவைப்பது. அச்சிற்பங்களில் ஈயக்குண்டுகள் பதிந்திருந்தன. உருவங்களை வெறுத்த தூய்மைவாதிகளின் ஆட்சியில், தேவாலயச் சிற்பங்களையும் ஓவியங்களையும் அழிப்பதற்கென்றே ஆணைபெற்று 1644இல் சஃபோக் முழுவதும் சுற்றிய வில்லியம் டவ்சிங்கின் ஆட்கள் சுட்டவை அவை என்பது நெடுங்காலம் வழங்கிய செய்தி. டவ்சிங் அவ்வாண்டு பிளைத்பர்க்குக்கு வந்தது உண்மை. தேவதூதர்களை இறக்கும்படி கட்டளையிட்டதும் உண்மை. ஆனால் 18ஆம் நூற்றாண்டுக் காப்பாளர் கணக்கில், கூரைக்குள் கூடுகட்டிய 'ஜாக்டா' எனும் சிறுகாகங்களைச் சுட வெடிமருந்துக்கும் குண்டுக்கும் கொடுத்த காசு எழுதப்பட்டிருக்கிறது. கொள்கை வெறியின் தழும்பு என்று மக்கள் நம்பியது காகம் விரட்டிய செலவு. டவ்சிங்கின் கட்டளையை ஊரார் நிறைவேற்றாமல் விட்டதற்கு, அவ்வளவு உயரத்தில் ஏணி வைக்கும் சோம்பலைத் தவிர வேறு காரணம் தேடவேண்டியதில்லை என்று கூறும் உள்ளூர்க்காரரும் உண்டு.

ஆனால் கணக்கேடு எப்போதும் அச்சத்தைத் தணிப்பதில்லை. 1645இல் 'சூனியக்காரரைக் கண்டுபிடிப்பவன்' என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்ட மேத்யூ ஹாப்கின்ஸ் சஃபோக்கில் நடத்திய வேட்டையைப் பற்றிய செய்திகளுள் மிகவும் நடுங்கவைப்பது, ஆல்ட்பரோ நகராட்சிக் கணக்கில் அவனுக்குக் கொடுத்த கூலி சாதாரணச் செலவினங்களுக்கு நடுவே அமைதியாக எழுதப்பட்டிருப்பதே. அவ்வாண்டு ஆகஸ்டு 27 அன்று பரி செயின்ட் எட்மண்ட்ஸில் 18 பேர் தூக்கிலிடப்பட்டனர்; அவர்களுள் ஒருவர் பிராண்டெஸ்டன் ஊரின் போதகர் ஜான் லோவ்ஸ், ஏறத்தாழ 80 வயதினர், தம் சேகரத்தாரோடு பல ஆண்டுகளாக வழக்காடி வந்தவர். அவரை இரவும் பகலும் தூங்கவிடாமல் நடத்தி, ஃப்ராம்லிங்கம் கோட்டை நீர்நிலையில் போட்டு மிதக்கிறாரா என்று சோதித்து, மந்திரத்தால் கப்பலைக் கவிழ்த்ததாக ஒப்புக்கொள்ளச் செய்தனர். தூக்குமேடையில் போதகர் எவரும் அவருக்காக வேண்ட இல்லாததால், அடக்கச் சடங்கின் வாசகத்தை அவரே தமக்காக ஓதிக்கொண்டார் என்பர். இங்கே கற்பனை செய்தவர்கள் ஊரார், உதவியது நீதிமன்றம், பணம் கொடுத்தது நகராட்சி. கருநாய்க் கதை யாரையும் தூக்கிலிடவில்லை என்பதையும் உடன் எண்ணவேண்டும்.

இடைக்கால மடத்துத் துறவிகள் எழுதிய வரலாற்றுக் குறிப்புகளில் உள்ள சஃபோக் கதைகள் வேறு வகை. காகெஷல் மடத்துத் தலைவர் ரால்ஃப் எழுதியபடி, இரண்டாம் ஹென்றியின் காலத்தில் ஓர்ஃபோர்டு மீனவரின் வலையில் உடல் முழுதும் மயிரடர்ந்த ஆண் ஒருவன் சிக்கினான். கோட்டையில் அடைத்து, தலைகீழாகத் தொங்கவிட்டு வதைத்தும் ஒரு சொல் பேசவில்லை. பச்சை மீனைக் கையால் பிழிந்து நீரை வடித்தபின் தின்றான். மூன்றடுக்கு வலை கட்டிக் கடலில் விட்டபோது அடியில் புகுந்து தப்பி, பின் தானாகவே திரும்பி வந்து சில காலம் இருந்து, மறுபடியும் போய்விட்டான். இக்கதையின் பின்னணியில் உள்ள கோட்டை உறுதியான வரலாறு: 1165 முதல் 1173 வரை கட்டப்பட்டது, அரசின் ஆண்டுக் கணக்குச் சுருள்களின்படி ஆன செலவு 1,400 பவுண்டுக்கு மேல். கிழக்கு ஆங்கிலியாவின் செல்வாக்குள்ள பிரபுக்களை அடக்குவதற்காக அரசன் கட்டிய அக்கோட்டையில், குற்றம் எதுவும் சொல்லப்படாத ஒருவனைத் தொங்கவிட்டு வதைத்ததை ரால்ஃப் வியப்பின்றி எழுதுகிறார். அரசனின் புதிய கோட்டையைப் பற்றி மீனவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. வுல்பிட் ஊரின் ஓநாய்ப் பள்ளங்களுக்கருகே பச்சை நிற மேனியுடன் தோன்றி, முதலில் அவரையைத் தவிர வேறொன்றும் உண்ணாத சிறுவனும் சிறுமியும் பற்றிய கதையை ரால்ஃபும் நியூபர்க் வில்லியமும் தனித்தனியே எழுதியுள்ளனர். இரத்தச்சோகை, பெல்ஜியப் பகுதியிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகள் என்று பிற்காலத்தார் தரும் விளக்கங்கள் எதுவும் கதையை விட நம்பத்தக்கதாக இல்லை.

இவ்வாறு தேவாலயத்தையும் கோட்டையையும் சுற்றியே தேடிக்கொண்டிருந்த வரலாற்றாசிரியரை வயலின் பக்கம் திருப்பியவர் ஜார்ஜ் எவார்ட் எவான்ஸ். வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் 1909இல் பிறந்த அவர், மனைவிக்குப் பள்ளி ஆசிரியர் பணி கிடைத்ததால் 1948இல் பிளாக்ஸால் என்ற சஃபோக் சிற்றூரில் குடியேறினார். எவான்ஸுக்குக் காது சரியாகக் கேட்காது. எனினும் பக்கத்து வீட்டு முதியவர்களின் பேச்சைக் கேட்பதே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று. குதிரை இழுத்த ஏர் மறைந்து டிராக்டர் வந்த அந்த ஆண்டுகளில், அறுவடைக் கூலியை உழவரிடம் பேசி முடிவு செய்யும் முன்னணி அறுவடையாளனை 'அறுவடைப் பிரபு' என்று அழைத்ததையும், அறுத்த வயலில் கடைசிக் கட்டு எடுக்கப்படும் வரை பெண்கள் கதிர் பொறுக்க உள்ளே நுழையாமல் காத்திருந்ததையும், அந்தக் கடைசிக் கட்டுக்குப் 'போலீஸ்காரன்' என்று பெயர் இருந்ததையும் முதியோர் தம் நினைவிலிருந்து சொல்ல, 1956இல் வெளிவந்த நூலில் எவான்ஸ் தொகுத்தார். முதியோரின் பேச்சில் இருந்த பல சொற்கள், சஃபோக்கில் சில காலம் பயிரிட்ட தாமஸ் டஸ்ஸர் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய உழவுச் செய்யுள்களின் சொற்களே என்று அவர் கண்டார். புத்தகத்தில் அடிக்குறிப்பு தேவைப்பட்ட சொல்லை வயலில் கையால் காட்டி விளக்கினார்கள்.

பிளாக்ஸாலில் பெரிய பாறை ஒன்று உண்டு. ஏரில் சிக்கியபோது கைக்கடங்கும் அளவில் இருந்த கல் வளர்ந்து வளர்ந்து டன் கணக்கில் எடை கொண்டதாயிற்று என்பது ஊர் வழக்கு. இதைக் கேட்டு நகைப்பது எளிது. ஆண்டுதோறும் உழும் நிலத்தில், முந்தைய ஆண்டு பொறுக்கி எடுத்த இடத்திலேயே புதிய கற்கள் மேலே வந்து நிற்பதைத் தலைமுறைகளாகப் பார்த்தவர்கள், கல் மண்ணில் வளர்கிறது என்று முடிவு செய்ததில் கவனிப்புப் பிழை எதுவும் இல்லை, காரணம் மட்டுமே தவறு.

குதிரைக்காரர்களின் மறைச்செய்திகளே எவான்ஸ் திரட்டியவற்றுள் தலையாயவை. சஃபோக் பஞ்ச் என்னும் செம்பழுப்பு நிற உழவுக்குதிரையினம் முழுவதும் 1768இல் பிறந்த ஒரே ஆண்குதிரையின் வழிவந்தது. பெருத்த உடலும் குட்டைக் கால்களும் கொண்ட அக்குதிரைகளை ஓட்டுபவன் பண்ணையில் தனி மதிப்புடையவன். தன் குதிரையை மற்றவர் ஒருவராலும் அசைக்கமுடியாதபடி நடுச்சாலையில் நிறுத்திவைக்கவும், ஓடும் குதிரையைத் தன்னிடம் வரவழைக்கவும் அவனால் முடியும் என்றும், தேரையைக் கொன்று எறும்புப்புற்றில் இட்டு எலும்பாக்கி, முழுநிலா நள்ளிரவில் ஓடையில் விட, நீரோட்டத்தை எதிர்த்து மிதக்கும் எலும்பை எடுத்து வைத்துக்கொண்டதால் வந்த ஆற்றல் அது என்றும் ஊரார் நம்பினர். எவான்ஸ் பொறுமையாகக் கேட்டுக் கண்டறிந்தது வேறு: குதிரையின் மோப்பம் மிகக் கூர்மையானது, அது வெறுக்கும் நாற்றத்தைக் கதவிலோ கம்பத்திலோ தடவினால் அவ்விடத்தைக் கடக்காது, அது விரும்பும் எண்ணெய்களை உடையில் தடவிக்கொண்டவனை நோக்கி வரும். எந்த எண்ணெய், எந்த அளவு என்பதைக் குதிரைக்காரன் மகனுக்கும் எளிதில் சொல்லமாட்டான். தேரை எலும்புச் சடங்கு தொழில் மறையைக் காக்கும் திரையாகவும் பயன்பட்டது. ஆனால் சொன்ன முதியோருள் சிலர் சடங்கையும் உண்மையாகவே நம்பினர் என்பதை எவான்ஸ் மறைக்கவில்லை, அந்த நேர்மையே அவரைப் பிற தொகுப்பாளரினின்றும் பிரிக்கிறது.

அண்மைக்கால நினைவுகளிலும் இதே இழுபறி தொடர்கிறது. 1940இல் படையினரால் காலிசெய்யப்பட்ட ஷிங்கிள் ஸ்ட்ரீட் என்னும் கரையோரச் சிற்றூரில், ஜெர்மானியர் இறங்க முயன்றனர் என்றும், எண்ணெய் ஊற்றிக் கடலைக் கொளுத்தியதில் எரிந்த உடல்கள் ஒதுங்கின என்றும் பேச்சு பரவியது. நெடுங்காலம் மூடிவைத்த கோப்புகளை 1990களில் அரசு முன்கூட்டியே திறந்து காட்டியபோது அதில் படையெடுப்பு எதுவும் இல்லை. கோப்பு திறந்ததால் பேச்சு நின்றுவிடவில்லை. மூடிவைத்திருந்த ஆண்டுகளே சான்று என்று வாதிடுவோர் அப்பகுதியில் இன்றும் உள்ளனர். ஆல்ட்பரோவைப் பின்புலமாகக் கொண்டு எம். ஆர். ஜேம்ஸ் 1925இல் எழுதிய பேய்க்கதையில் வரும், நாட்டைக் காக்கக் கரையில் புதைத்த மூன்று மணிமுடிகளின் ஐதிகம் அவரே புனைந்தது. அதையும் பழைய சஃபோக் வழக்கு என்று நம்பி, முடி புதைந்த இடம் எது என்று கேட்டு வரும் பயணிகளுக்கு, ஊரார் இப்போது இடம் காட்டுகிறார்கள்.